ஸெத் துறைமுக நகரில் நான்கு நாள்: முதன்முறை போகிறவர்களுக்கு

பிற்பகல் மூன்று மணியைத் தாண்டியதும் தென் பிரான்சின் ஸெத் நகரில் பழைய துறைமுக வாயிலில் போய் நில்லுங்கள். முதலில் தெரிவது படகு அல்ல, கடற்காகங்கள். வெள்ளைத் துணியை உதறியதுபோல ஒரு கூட்டம் கடல்மேல் எழுந்து தாழும். அதற்கு நேர் கீழே ஓர் இழுவைப் படகு வந்துகொண்டிருக்கும். விடியலுக்கு முன்பே கடலுக்குப் போன படகு அது. அலைத்தடுப்புச் சுவரைச் சுற்றி உள்ளே நுழைந்து, ஏலக்கூடத்தின் பக்கம் திரும்பும். மேல்தளத்தில் ரப்பர் பூட்ஸ் போட்ட இருவர் பெட்டிகளில் மீனைப் பிரித்துப் போட்டபடியே இருப்பார்கள். கரையில் நிற்கிற நம்மை ஒருவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அவர்களுக்கு வேலை இருக்கிறது.

எனக்கு இந்த ஊர் பிடித்துப்போனதற்கு இதுவே காரணம். பிரான்சின் தென்கரையில் நீஸ், கான் போன்ற ஊர்கள் விருந்தாளிகளை நம்பி வாழ்கின்றன. ஸெத் மீனையும் சிப்பியையும் துறைமுகத்தையும் நம்பி வாழ்கிறது. மத்தியதரைக்கடலோரம் பிரான்சுக்கு இருக்கும் மிகப் பெரிய மீன்பிடித் துறைமுகம் இது. ஊருக்கென்று ஒரு கடிகாரம் ஓடுகிறது. நம் நாளை அதோடு பொருத்திக்கொண்டால் நான்கு நாளும் நிறைவாகப் போகும். பொருத்தாமல் போனால், மூடிய சந்தையையும் தூக்கிய பாலத்தையும் பார்த்துவிட்டுத் திரும்ப நேரிடும். நான் பாரிஸ் பக்கம் வசிப்பவன். காரைக்காலில் பிறந்து வளர்ந்த அம்மாவை அழைத்துக்கொண்டு சில முறை அங்கே போய்வந்ததில் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் மாதத்தைத் தீர்மானியுங்கள்

ஜூன் முதல் பாதி அல்லது செப்டம்பர். பிரெஞ்சுப் பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் நீள்கிறது. அப்போது இங்கும் அறை விலை ஏறும், கடற்கரைச் சாலையில் கார்கள் நிற்கும். மொராக்கோவுக்குப் போகும் பெரிய கப்பல்கள் இங்கிருந்து புறப்படுவதால் கோடையில் துறைமுகப் பக்கமும் நெரிசல் கூடும். செப்டம்பரில் கடல் கோடையின் வெதுவெதுப்பை இன்னும் வைத்திருக்கும், கூட்டம் வடிந்திருக்கும். எனக்குச் செப்டம்பர் முதல் பாதிதான் உகந்தது.

இதற்கு ஒரே விலக்கு உண்டு: ஆகஸ்ட் 25 ஐ ஒட்டிவரும் புனித லூயி திருவிழா. அப்போது கூட்டம் மிகுதி, ஆனாலும் போகலாம். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

கிழமையும் முக்கியம். இழுவைப் படகுகள் வார நாட்களில்தான் கடலுக்குப் போகும். வெள்ளி இரவு வந்து ஞாயிறு திரும்புகிறவர்கள் இந்த ஊரின் பாதியைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். திங்கள் அல்லது செவ்வாய் வந்துசேருங்கள். புதன்கிழமை காலை நகர நடுவே தெருக்களில் பெரிய சந்தை கூடும், அதுவும் கிடைத்துவிடும்.

விசா, டிக்கெட்

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு ஷெங்கன் குறுகியகால விசா வேண்டும். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை பதினைந்து நாள். கோடைக்கு என்றால் அந்தக் கடைசி எல்லைவரை காத்திருக்கவே வேண்டாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி.

பாரிஸின் கார் தெ லியோன் நிலையத்திலிருந்து ஸெத்துக்கு நேரடி அதிவேக ரயில்கள் உண்டு, ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். நேரடி ரயில் கிடைக்காவிட்டால் மோன்பெலியே வந்து உள்ளூர் ரயிலுக்கு மாறலாம், அங்கிருந்து இருபது நிமிடம்தான். இங்கே ஒரு கவனம் தேவை. மோன்பெலியேவில் இரண்டு ரயில் நிலையங்கள் இருக்கின்றன. ஸேன் ரோஷ் நகர மையத்தில் இருக்கிறது, உள்ளூர் ரயில் அங்கிருந்துதான். 2018 இல் திறந்த ஸூத் தெ பிரான்ஸ் நிலையம் நகருக்கு வெளியே இருக்கிறது. அதிவேக ரயில்களில் சில அங்கே நிற்கின்றன. டிக்கெட்டில் பெயரைப் படிக்காமல் முதல் முறை நான் வெளி நிலையத்தில் இறங்கி, அம்மாவையும் இரண்டு பெட்டிகளையும் வைத்துக்கொண்டு நகருக்குள் வந்துசேர ஒன்றரை மணி நேரத்தை இழந்தேன். பெயரைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அதிவேக ரயில் டிக்கெட்டை எவ்வளவு முன்னதாக எடுக்கிறீர்களோ அவ்வளவு மலிவு. உள்ளூர் ரயில் டிக்கெட்டைப் புறப்படும் நாளில் எடுத்தால் போதும். கவுண்டரில் கேட்கும்போது ஊர்ப் பெயரைத் தாளில் எழுதிக் காட்டுவது நல்லது. பிரெஞ்சில் ஏழு என்ற எண்ணும் இந்த ஊரின் பெயரும் ஒரே ஒலி. “ஸெத்” என்று மட்டும் சொன்னால் ஏழு டிக்கெட்டா என்று கேட்டுவிடுவார்கள்.

எங்கே தங்குவது

மூன்று இடங்கள். கால்வாய்க் கரை நகரின் நடுக்கூடம் மாதிரி. எல்லாம் கையெட்டும் தூரத்தில் இருக்கும், இரவில் சத்தமும் இருக்கும். கார்னிஷ் பகுதி கடலுக்கு அருகில், ஆனால் சந்தைக்கும் ஏலக்கூடத்துக்கும் தூரம். நான் சொல்வது மேல்குடியிருப்பு. பிரெஞ்சில் கார்த்தியே ஓ. குன்றின் சரிவில், இத்தாலியிலிருந்து வந்த மீனவக் குடும்பங்கள் நிறைந்து வாழ்ந்த பகுதி. தெருக்கள் குறுகலானவை, ஏற்றம் அதிகம், ஜன்னலுக்கு ஜன்னல் துணி காயும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மட்டும் ஒத்துவராது. சமையலறை உள்ள வாடகை வீடாகப் பாருங்கள். சந்தையில் வாங்குவதைச் சமைக்க முடியாமல் போவது இந்த ஊரில் பெரிய இழப்பு.

கார் வேண்டாம். நகரத்துக்குள் நிறுத்த இடம் தேடுவதே ஒரு வேலையாகிவிடும். நிலையத்திலிருந்து பையோடு நடந்தாலும் கால் மணி நேரத்தில் நடுநகரம் வந்துவிடும். வழியில் கால்வாயைத் தாண்ட வேண்டும். பாய்மரப் படகுகள் கடப்பதற்காகப் பாலங்களை நாளில் குறிப்பிட்ட சில வேளைகளில் தூக்குவார்கள், அதுவரை வண்டியும் ஆளும் நின்றுதான் ஆக வேண்டும். வந்திறங்கும் நாளில் அது நல்ல வேடிக்கை. ரயிலைப் பிடிக்கப் போகும் நாளில் அரை மணி நேரத்தைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள்: துறைமுகம்

இந்த ஊர் வயதில் இளையது. பதினான்காம் லூயி காலத்தில், பியர் பால் ரிக்கே வெட்டத் தொடங்கிய ‘மிதி’ என்ற கால்வாய்க்குக் கடலில் ஒரு வாயில் தேவைப்பட்டது. அதற்காக 1666 ஜூலை 29 அன்று இங்கே துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். கால்வாய் 1681 இல் முடிந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ‘தோ’ என்ற காயல், நடுவில் ஒரே ஒரு குன்று. கிட்டத்தட்ட ஒரு தீவு. இங்கே பிறந்த கவிஞர் பால் வலேரி இதைத் தனித்துவமான தீவு என்றார், இன்றும் ஊர்க்காரர்கள் அந்தப் பெயரைப் பெருமையோடு சொல்கிறார்கள்.

மதியம் இரண்டரைக்கு ஸேன் லூயி அலைத்தடுப்புச் சுவரில் நடக்கத் தொடங்குங்கள். நம் மீனவர் தூண்டில் வளைவு என்கிறார்களே, அதன் பெரிய அண்ணன். நீளம் 650 மீட்டர். முனைவரை போய்த் திரும்பும் நேரத்துக்குப் படகுகள் வரத் தொடங்கிவிடும். ஏலக்கூடத்துக்குள் தன்னிச்சையாக நுழைய முடியாது. நகரச் சுற்றுலா அலுவலகம் வழிகாட்டியோடு அழைத்துப் போகும் நாட்கள் இருக்கின்றன. வந்த அன்றே பதிவு செய்யுங்கள், இடங்கள் குறைவு.

உள்ளே போனதும் அம்மா திகைத்துப்போனார். காரைக்கால் கரையில் ஏலம் என்றால் தொண்டை கிழியும். இங்கே ஒரு சத்தம் இல்லை. மீன் பெட்டிகள் ஓடுபட்டையில் நகர்கின்றன, திரையில் விலை ஒளிர்கிறது, வியாபாரிகள் கையிலிருக்கும் பொத்தானை அழுத்துகிறார்கள். ஒரு பெட்டி சில நொடிகளில் கைமாறிவிடுகிறது.

“ஏனப்பா, இவர்கள் பேசிக்கொள்ளவே மாட்டார்களா?”

“ஏலம் முடிந்ததும் பேசுவார்கள் அம்மா.”

அப்படியே நடந்தது. வெளியே வந்ததும் அதே ஆட்கள் கையை ஆட்டி, தோளில் தட்டி, உரக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பெட்டிகளில் மத்தியையும் நெத்திலியையும் கணவாயையும் பார்த்ததும் அம்மாவுக்குப் பிரெஞ்சுப் பெயர் எதுவும் தேவைப்படவில்லை.

கால்வாயில் கட்டிக்கிடக்கும் பெரிய கப்பல் போன்ற படகுகள் சூரை பிடிப்பவை. நீலத்துடுப்புச் சூரைக்கு அவற்றின் பருவம் மே இறுதியிலிருந்து ஜூலை தொடக்கம் வரைதான். மற்ற மாதங்களில் வலைகளை மலைபோலக் குவித்து வைத்துக்கொண்டு கரையோரம் கிடக்கும். வலை பழுதுபார்ப்பவர்களைப் படம் எடுக்கும் முன் “போன்ஜூர்” சொல்லி அனுமதி கேளுங்கள். கடை, பஸ், சந்தை எங்கே நுழைந்தாலும் முதல் சொல் அதுதான். அதைச் சொல்லாமல் விலை கேட்டால் முகம் மாறிவிடும்.

இரண்டாம் நாள்: சந்தையும் சாப்பாடும்

மூடிய கூரைச் சந்தையை ‘ஆல்’ என்பார்கள். காலை ஒன்பதுக்குள் போங்கள், மதியம் கடைகளைக் கழுவத் தொடங்கிவிடுவார்கள். முதலில் வாங்க வேண்டியது தியெல். உள்ளங்கை அகல வட்டமான மூடிய பணியாரம் என்று சொல்லலாம். ஆரஞ்சு நிற மேல்மாவு, ஓரம் சீலைக் கொசுவம் போல் மடித்திருக்கும். உள்ளே ஆக்டோபஸும் தக்காளியும் காரமாக வதக்கி வைத்திருப்பார்கள். இத்தாலியின் கயேத்தாவிலிருந்து வந்த மீனவக் குடும்பங்கள் கொண்டுவந்த பண்டம். இளஞ்சூடாகச் சாப்பிட வேண்டும். நுண்ணலை அடுப்பில் வைத்தால் மாவு சவசவத்துவிடும், வாணலியில் மிதமான தணலில் சூடாக்குங்கள். பிரான்சில் நான் தின்றவற்றில் நம் நாக்குக்கு இவ்வளவு நெருங்கிய பலகாரம் வேறில்லை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவலைப்பட வேண்டாம், ஆனால் உணவகத்தை நம்பிப் போகவும் வேண்டாம். கால்வாய்க் கரை உணவகங்களின் பட்டியலில் பெரும்பாலும் மீனும் மட்டியும் கணவாயும்தான். சந்தையில் ஆலிவ், பாலாடைக்கட்டி, ரொட்டி, தக்காளி, அத்திப்பழம் எல்லாம் அருமையாகக் கிடைக்கும். வீட்டில் சமைப்பதே நிம்மதி. ஸெஸெத் என்ற நீள பிஸ்கட்டை எல்லோரும் பரிந்துரைப்பார்கள். அதன் மாவில் வைன் சேர்க்கிறார்கள். மதுவைத் தவிர்ப்பவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

உணவக நேரம் கறாரானது. மதியம் பன்னிரண்டு முதல் இரண்டு வரை, இரவு ஏழரைக்குப் பிறகு. நான்கு மணிக்குப் பசித்தால் ரொட்டிக் கடைதான் துணை. குழாய்த் தண்ணீரைக் குவளையில் கேட்டால் இலவசமாகத் தருவார்கள். பில்லில் சேவைக் கட்டணம் அடங்கியிருக்கும்.

மூன்றாம் நாள்: காயல்

தோ காயல் நம் பழவேற்காட்டைப் பார்த்தவர்களுக்கு உடனே மனத்தில் ஒட்டிக்கொள்ளும். இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம், கடலோடு சேர்ந்தும் சேராமலும் கிடக்கும் உப்புநீர். வடகரையில் பூஸிக் என்ற சிற்றூர் இருக்கிறது, பஸ்ஸில் போகலாம். அங்கே சிப்பி வளர்ப்பதைப் பார்ப்பதற்கென்றே ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.

அட்லாண்டிக் கரையில் ஓதம் ஏறி இறங்கும். அங்கே சிப்பிகளைத் தரையில் பரப்பி வைத்தால் நாளுக்கு இருமுறை தண்ணீர் விலகி வழிவிடும். மத்தியதரைக்கடலில் ஓதமே இல்லை என்று சொல்லிவிடலாம். அதனால் இங்கே தண்ணீருக்குள் கம்பங்கள் நட்டு மேசை போன்ற சட்டங்கள் கட்டி, கயிறுகளைத் தொங்கவிடுகிறார்கள். சிறு சிப்பிகளை எடுத்து ஒவ்வொன்றாகச் சிமெண்ட் தொட்டுக் கயிற்றில் ஒட்டுவார்கள். பூத்தொடுப்பதுபோல விரல் ஓடும் வேலை: சிமெண்ட், சிப்பி, சிமெண்ட், சிப்பி. ஒட்டிய கயிறு காய்ந்ததும் தண்ணீருக்குள் இறங்கும், ஒன்றரை ஆண்டு அளவில் உண்ணும் பருவம் வரும். வெயில் மிகுந்து காற்று நின்றுபோகும் கோடைகளில் நீரில் ஆக்சிஜன் தீர்ந்து சிப்பிகள் செத்துப்போகும். உள்ளூர்க்காரர்கள் அதை மலாயிக் என்பார்கள். 2018 கோடையில் அப்படிப் பெரிய அழிவு வந்தது.

சிப்பியை இங்கே உயிரோடு பச்சையாகத்தான் உண்கிறார்கள். பழக்கமில்லாத வயிறு என்றால் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கருவுற்றவர்களும் நோயெதிர்ப்புக் குறைந்தவர்களும் தொடவே வேண்டாம். வேகவைத்த மட்டி கேட்டால் கிடைக்கும், சுவையில் குறைவே இல்லை.

மாலையில் ஸெத் திரும்பி ஸேன் க்ளேர் குன்றேறுங்கள். உயரம் சுமார் 180 மீட்டர், படிகளும் செங்குத்துச் சாலையும் மூச்சு வாங்க வைக்கும். உச்சியில் ஒரு சிற்றாலயம் இருக்கிறது, அங்கிருந்து துறைமுகம் முழுக்கத் தெரியும். மேற்குச் சரிவில் பியர் பிளான்ஷ் என்ற பைன் தோப்புக்குப் போனால் மறுபக்கம் காயல். காலையில் அருகே பார்த்த மேசைகள் தண்ணீர்மேல் கோடு போட்ட நோட்டுத்தாள் போல வரிசை வரிசையாகத் தெரியும்.

இறங்கும் வழியில் கடலைப் பார்த்துச் சரிந்து கிடக்கும் கல்லறைத் தோட்டத்துக்கு அரை மணி கொடுங்கள். வலேரி இந்த இடத்தை வைத்து 1920 இல் ஒரு கவிதை வெளியிட்டார். 1945 இல் அவரை இங்கேயே அடக்கம் செய்தார்கள். தோட்டத்தின் பழைய பெயர் போய் அந்தக் கவிதையின் பெயரே நிலைத்துவிட்டது. பாடகர் ஜார்ஜ் பிராஸன்ஸும் இவ்வூரில் பிறந்தவர்தான். அவருடைய கல்லறை காயல் பக்கமுள்ள வேறொரு தோட்டத்தில் இருக்கிறது. பலர் இங்கே தேடி ஏமாறுகிறார்கள்.

நான்காம் நாள்: கடல், காற்று

கடற்கரையைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. எந்த நாள் கடலுக்கு என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டாம், காற்று முடிவு செய்யட்டும். வடமேற்கிலிருந்து வரும் த்ராமோந்தான் நம் வாடையைப் போல வறண்ட காற்று. வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும், வெயில் காயும், ஆனால் மேல்மட்டத்து வெதுவெதுப்பான நீரைக் கரையிலிருந்து தள்ளிவிடுவதால் கடல் ஐஸாகக் குளிரும். அன்று குன்றேறுங்கள், சந்தைக்குப் போங்கள். தென்கிழக்கிலிருந்து வருவது மரேன். ஈரமும் மேகமும் அலையும் கொண்டுவரும். காற்றடங்கிய காலைதான் கடலுக்கு உரியது. அப்படி ஒரு நாள் முன்னதாகவே அமைந்தால் நான் சொன்ன வரிசையைத் தயங்காமல் மாற்றிக்கொள்ளுங்கள்.

நகருக்கு மேற்கே லீதோ மணற்பட்டை கடலுக்கும் காயலுக்கும் நடுவே 12 கிலோமீட்டர் நீள்கிறது. பஸ் போகும், சைக்கிள் பாதையும் இருக்கிறது. வாடகைச் சைக்கிளில் இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போனாலே ஆகஸ்டிலும் பாய் விரிக்கத் தாராளமாக இடம் கிடைக்கும். ஆனால் குழந்தைகளோடு போனால் காவலர் உள்ள பகுதியை விட்டு விலகாதீர்கள். பச்சைக் கொடி என்றால் குளிக்கலாம், மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் கால்கூட நனைக்க வேண்டாம். நிழலே இல்லாத கரை, குடையும் தண்ணீரும் கையோடு இருக்கட்டும். அவசர எண் 112.

ஆகஸ்டில்தான் முடியும் என்றால்

அப்படியானால் புனித லூயி திருவிழாவுக்கே வாருங்கள். படகுச் சமர் இந்த ஊரின் உயிர். துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டிய அன்றே முதல் போட்டி நடந்தது. சிவப்புப் படகு ஒன்று, நீலப் படகு ஒன்று. பின்புறம் ஏணிபோல் உயர்ந்து நீளும் மரச்சட்டத்தின் நுனியில், ஒரு சிறு மேடையில், முழு வெள்ளுடையில் வீரர் நிற்பார். இடக்கையில் மரக்கேடயம், வலக்கையில் 2.80 மீட்டர் ஈட்டி. இரு படகிலும் ஒபோ குழலும் சிறு முரசும் ஒலிக்க, துடுப்புகள் வேகமெடுக்க, படகுகள் உரசாமல் எதிரெதிரே கடக்கும். அந்த நொடியில் ஈட்டி கேடயத்தில் முட்டும் சத்தம் கால்வாயின் இரு கரைக்கும் கேட்கும். ஒருவர் தண்ணீரில் விழுவார். கரையெங்கும் ஆரவாரம் எழும்.

திங்கட்கிழமை கனரக வீரர்களின் போட்டி. கால்வாய்க் கரைப் படிக்கட்டு மேடைகளில் இடம் வேண்டுமானால் காலையிலேயே போய் உட்கார வேண்டும், தொப்பி கட்டாயம். அறையைப் பல மாதம் முன்பே பிடியுங்கள். அந்தக் கூட்டம் வேண்டாம் என்பவர்களுக்கு ஜூனிலும் வார இறுதிச் சிறு போட்டிகள் உண்டு. தெருக்காரர்கள் கரையில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்து தங்கள் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், நம் காதுக்கருகே.

திரும்பும் நாளில் சந்தைக்கு ஒரு நடை போய்த் தியெல் கட்டிக்கொள்ளுங்கள். நேரமும் வழியும் இடம் கொடுத்தால் அக்த் நோக்கிப் போகும் உள்ளூர் ரயிலில் ஒரு நிலையம் மட்டும் போய்வாருங்கள், கால் மணி நேரம்தான். தண்டவாளம் லீதோ மணற்பட்டைமேலேயே ஓடுகிறது. இடப்பக்கம் திராட்சைத் தோட்டம், மணல்மேடு, அதற்கப்பால் கடல். வலப்பக்கம் ஜன்னலை ஒட்டியே காயல். வலப்பக்கம் உட்காருங்கள்.